நாற்பது கிராம்

பதினோரு ஆண்டுகள்
கிலோவுக்கு நாற்பது கிராம் பொய் சொன்னது என் தராசு.
தராசு என்றா சொன்னேன்?
பாவசங்கீர்த்தனக் கூண்டிலும் இப்படித்தான் தொடங்கினேன்.
"தராசு பாவம் செய்யாது, சலேத்தா" என்றார் ஃபிஸ் சாமியார்.
கம்பி வலைக்கு அப்பால் அவருக்கு ஜலதோஷம்.

கலீசியாவின் மேற்குக் கோடி.
எங்கள் துறைமுகத்தில் மீனைவிடப் பெர்செபெக்குத்தான் விலை.
அலை பின்வாங்கும் ஏழு நொடிக்குள்
இடுப்புக் கயிற்றோடு பாறைக்கு இறங்கிச் சுரண்டி எடுப்பார்கள்,
கறுத்து, நகம் முளைத்து, விரல்போல இருக்கும் அந்தப் பிராணியை.
சரியாக எண்ணியவர்கள் ஏறி வருவார்கள்.
மற்றவர்களுக்குப் பாறைமேல் ஒரு சிலுவை.
வந்தவர்களின் சாக்கை நான் நிறுப்பேன்.
மாதக் கடைசியில் ஒத்தேரோ முதலாளி எனக்கோர் உறை தருவார்.

சாமியார் மூன்று கேட்டார்.
செய்தது என்ன. எதற்காக. எந்த நிலைமையில்.
நான் கடைசியிலிருந்து பதில் சொன்னேன்:
புருஷன் இல்லை, கையில் வேறு தொழில் இல்லை,
மகள் இரியாவின் முதுகெலும்பு
தூண்டில்முள்ளாக வளைந்துகொண்டிருந்தது.
"அறுவை எப்போது முடிந்தது?"
இரண்டாம் ஆண்டு.
இருமினார். அதற்குமேல் கேட்கவில்லை.
மீதி ஒன்பது ஆண்டும் எங்களுக்கு நடுவே
ஈரச் சாக்குபோலக் கிடந்தது.

திருப்பிக் கொடு என்றார்.
ஆள் தெரியாவிட்டால் ஏழைகளுக்கு.
தெரிந்தால் அவரவருக்கே.
பெயர் சொல்ல வேண்டியதில்லை,
உன்னை நீயே சந்தியில் நிறுத்தச் சொல்லித்
திருச்சபை கேட்கவில்லை.

எனக்கோர் யோசனை இருந்தது.
திருகை மறுபக்கம் திருப்பிவிட்டால்?
இனி அவர்களுக்கு நாற்பது கிராம் கூடுதல்,
அதுவும் ஒத்தேரோவின் காசில்.
நெடுநேரம் அவர் மூக்கைச் சிந்தினார்.
"அதுவும் கள்ளத் தராசுதான், மகளே.
இரக்கமுள்ள கள்ளத் தராசு."

எருந்தினாவிடம் நேரில் சொன்னேன்,
வலைக்கிடங்கின் பின்னால்
அவள் ரப்பர் உடுப்பை உரித்துக்கொண்டிருந்தபோது.
கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தாள்.
"பைத்தியமே, எங்களுக்குத் தெரியாதா?
உன்னிடம் வருமுன் எதற்குச் சாக்கைக் கடலில் முக்குகிறோம்?
கிலோவுக்கு ஐம்பது கிராம் தண்ணீர்.
பார்க்கப்போனால் பத்து கிராம் பாக்கி எங்கள் பக்கம்!"
அப்பாடா என்று மூச்சு விட்டேன்.
பாதி மூச்சில் அவள் சிரிப்பு அறுந்தது.
"தெல்மிரோ முக்க மாட்டான்."

தெல்மிரோ.
சாக்கைத் தூக்கி மூன்று முறை உதறி,
கடைசிச் சொட்டும் விழுந்தபின்தான் தட்டில் வைப்பான்.
கடல் தண்ணீருக்கு யாராவது காசு வாங்குவார்களா என்பான்.
முள்ளைப் பார்க்கவே மாட்டான்,
என் முகத்தைப் பார்த்து, மகள் எப்படி இருக்கிறாள் என்பான்.
ஏழாம் ஆண்டு ஜனவரியில்
ஓர் அலை ஆறாவது நொடியிலேயே வந்துவிட்டது.
திருடரும் திருடரும் சரிக்குச் சரியான ஊரில்
உதறத் தெரிந்த ஒருவனைத்தான்
நான் முழுதாகக் கொள்ளையடித்திருக்கிறேன்.

நாளுக்கு ஐந்து கிலோ, ஆண்டுக்கு நூறு நாள், ஏழு ஆண்டு.
நூற்று நாற்பது கிலோ.
சமையலறை மேசையில் மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன்,
குறையவில்லை.

மகன் பிராயிஸ் லுகோ சாலையில்
ஒரு பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறான்.
முதல் தவணை இருக்கைக்கடியில் உறையில் இருந்தது.
ஏதோ நன்கொடை என்று நீட்டிவிட்டுப் போய்விடலாம்,
அதற்கு அனுமதியும் இருந்தது.
இருபது யூரோவுக்கு என்றேன்.
எண்கள் ஓடின. சரியாக இருபதில் நிறுத்தினான்.
பிறகு, குழாயை எடுக்குமுன்,
டேங்கின் வாயில் வைத்துத் தட்டினான்,
ஒன்று,
இரண்டு,
கடைசிச் சொட்டும் எனக்கு விழும்வரை.

கண்ணாடியை இறக்கினேன்.
உறையை எடுக்கவில்லை இன்னும்.
முதலில் என் பெயரைச் சொன்னேன்.